வாடாமல்லிச் சேலை

"இந்தப் பச்சைக் கட்டச் சேலையோடயா போய் நிக்கப் போற? விளங்கும்!" என்று பொன்மணி தலையில் அடித்துக்கொண்டாள்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை முடியக் கால் மணி நேரம் இருந்தது. ரோஜா கடைசிக் கட்டுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை என்னவோ வேலையில்தான் இருந்தது. மனசு எப்போதோ கேட்டுக்கு ஓடிவிட்டது.

மத்தியானம் சாப்பிடும்போது செல்லக்கனி அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். "மாரிக்கண்ணன் அம்மா சாயந்தரம் நம்ம கேட்டுல வந்து நிப்பாகளாம். மகனுக்குப் பொண்ணு பாக்காக. யாருகிட்டயும் சொல்லீராதீக." அவள் கை கழுவுவதற்குள் கம்பெனி பூராவும் தெரிந்துவிட்டது.

மாரிக்கண்ணன், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறவன். ரோஜாவுக்கு அவனைப் பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும். அவன் ஒருநாளாவது தன்னைத் திரும்பிப் பார்த்ததாக அவளுக்குத் தெரியாது. இது பொன்மணிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ரோஜாவிடம் இருப்பதே மூன்று நூல் சேலைகள். விருதுநகர் பஜாரில் தள்ளுபடியில் எடுத்தவை. எதுவும் நூறு ரூபாயைத் தாண்டாது. ஆனால் அவற்றை அவள் வைத்துக்கொள்கிற விதமே தனி. வடிகஞ்சி போட்டு, நீவி மடித்து, தலையணைக்கடியில் வைத்து எடுப்பாள். துண்டுத்துணிக் கடையில் கிளறிக் கிளறி, பச்சைக் கட்டத்துக்கென்றே அரக்கு ரவிக்கைத் துணி தேடிப் பிடித்தாள். பொட்டும் வளையலும்கூட அதே அரக்கு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த அழகின் மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லை, அதுதான் கஷ்டம்.

"மாமியாக்காரி கண்ணுல மினுக்குத்தான் மொதல்ல படும். என் வாடாமல்லிச் சேலையக் கட்டிக்கோ."

"அது நீ வளைகாப்புக்குக் கட்டிட்டுப் போகக் கொண்டாந்ததுல்ல?"

"வளைகாப்பு எனக்கா நடக்கு? கட்டிக்கோ புள்ள."

வெடிமருந்து புழங்குகிற இடத்தில் நைலக்ஸ் சேலை கூடாது, உரசினால் பொறி பறக்கும் என்பது கம்பெனிச் சட்டம். அதனால் வாடாமல்லி காலையிலிருந்து வாட்ச்மேன் அறையில் பைக்குள் கிடந்தது. மணி அடித்ததும் இருவரும் கேட்டோரத் தகரத் தடுப்புக்குள் ஓடினார்கள். ரோஜா பளபளவென்று ஆனாள்.

பொன்மணியின் சேலை முழுக்க அலுமினியப் பொடி. "இந்தக் கோலத்துல வளைகாப்புக்குப் போனா வயித்துப் பிள்ளை பயந்துரும்" என்று சிரித்தபடி, ரோஜா அவிழ்த்த சேலையையே எடுத்துச் சுற்றிக்கொண்டாள். ரோஜாவுக்குக் கை சும்மா இருக்குமா? கொசுவத்தை நீவி, முந்தானை மடிப்பைச் சரிசெய்து விட்டாள்.

கேட்டில் மாரிக்கண்ணனின் அம்மா சோலையம்மாள் நின்றிருந்தாள். வாடாமல்லியை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். நேரே பொன்மணியிடம் வந்தாள்.

"நீ யாரு மக தாயி?"

"ஆனைக்குட்டம் இருளாண்டி மக."

ரோஜாவுக்கு உடம்பில் கிடந்த நைலக்ஸ் சுட்டது. முகத்தில் லட்சணம் இல்லாதவளுக்கு எந்தச் சேலை கட்டி என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாளே இருளாண்டி வீட்டுக்குப் பேச்சு வந்தது. பொன்மணி ஓடிவந்து ரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ ஒரு வார்த்தை சொல்லு. வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்லிருதேன்."

"போடி கோட்டிக்காரி. அவுகளுக்கு உன்னையத்தான பிடிச்சிருக்கு? நான் யாரு குறுக்க?" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ரோஜா தனியாக உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றினார்கள். அச்சாபீஸில் காலண்டர் சீசன் என்பதால் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. ரோஜாதான் பொன்மணிக்குச் சேலை கட்டிவிட்டாள், பூ வைத்துவிட்டாள், எல்லாருக்கும் காபியும் கொடுத்தாள்.

"எப்படி மதினி எங்க புள்ளையத் தேடிப் பிடிச்சீக?" என்று இருளாண்டியின் தங்கை கேட்டாள்.

சோலையம்மாள் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தாள். "நான் எங்க பிடிச்சேன்? பேருகூடத் தெரியாது அவனுக்கு. அன்னைக்குக் காலையில சாப்பிட வந்தவன், 'ஆறு மாசமாப் பாக்கேம்மா, நூல் சேலையையே அம்புட்டு நறுவிசாக் கட்டுற புள்ள ஒருத்தி பஸ்ஸுக்கு நிப்பா. இன்னைக்குப் பச்சைக் கட்டம். கட்டுனா அவளத்தான் கட்டுவேன், போய்ப் பாத்துட்டு வா'ன்னான்."

பொன்மணி சடாரென்று தலை நிமிர்ந்தாள். ரோஜா அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, முந்தானை மடிப்பைச் சரிசெய்து விட்டாள்.