நாலாயிரம் மருமக்கள்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் நாக்கு அழுகட்டும். அன்றைக்கு எல்லைச் சுங்கச் சாவடியில் நடந்தது அத்தனையும் சட்டப்படி நடந்தது. சிபாரிசு, சலுகை, கண்ஜாடை எதுவும் கிடையாது.

காலை பதினோரு மணி. தகரக் கூரை. மேசைக்கு அந்தப் பக்கம் சுங்க அதிகாரி, இந்தப் பக்கம் நம் நகராட்சி உரக்கிடங்கின் மேஸ்திரி. நடுவில் ஈரச் சாக்கு சுற்றிய மரப்பெட்டி.

பெட்டிக்குள் நாலாயிரம் மண்புழு.

எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊரும் நம் ஊரும் சகோதரி நகரங்கள். இரண்டு மேயர்களும் கையெழுத்துப் போட்டு, ஒரே குடைக்குள் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி நம் ஊர்ப் பெண்கள் இருவர் அங்கே போய்க் குப்பை தரம் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்கள் புழு கொடுத்தார்கள்.

சாதாரணப் புழு இல்லை. காலையில் குப்பையைக் கொட்டினால் சாயங்காலம் உரமாக அள்ளலாம். பழைய செய்தித்தாளைப் போட்டால் செய்தியைத் தின்றுவிட்டு விளம்பரத்தை ஒதுக்கி வைக்கும். ருசி தெரிந்த புழு.

மேஸ்திரிக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். கிடங்கின் நாற்றம் தாங்காமல் நான்கு தெருக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் நாற்றம் போகாவிட்டால் கிடங்குக்குப் பூட்டு என்று ஆணையர் சொல்லிவிட்டார். பூட்டினால் குப்பை பிரிக்கும் எட்டுப் பெண்களும் வீட்டுக்கு. மேஸ்திரி அவர்களுக்கு முன்னாலேயே வீட்டுக்கு.

வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. சாக்கு காய்ந்தால் புழு காயும். மேஸ்திரி தன் குடிதண்ணீரைச் சாக்கின் மேல் ஊற்றிவிட்டு, வெறும் பாட்டிலை வாயில் கவிழ்த்துப் பார்த்தார்.

அதிகாரி அசையவில்லை. மேஸ்திரியின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கடமை அப்படி. உயிருள்ளவை எல்லை தாண்டினால் அதற்கொரு படிவம் உண்டு. படிவத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் உண்டு.

மண்புழுவில் ஆணும் பெண்ணும் ஒரே உடம்புதான் என்று மேஸ்திரி பணிவாகத் தெரிவித்தார்.

அதிகாரி யோசித்து எழுதினார். ஆண் நாலாயிரம். பெண் நாலாயிரம். மொத்தம் நாலாயிரம்.

மூன்று தடவை கூட்டினார். இடித்தது. பேனாவின் மேல் பழியைப் போட்டு, வேறு பேனா எடுத்துக் கூட்டினார்.

பெட்டி இடுக்கில் ஒரு புழு தலையை நீட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்பதுபோல் பார்த்தது. புழுவுக்குக் கண் கிடையாது என்பார்கள். அன்றைக்கு இருந்தது.

அடுத்த கட்டம், அனுப்பியவர் என்ன உறவு. நெருங்கிய சொந்தம் அனுப்பியது என்றால் உடனே விடலாம். மற்றதெல்லாம் ஐந்து நாள் கொட்டடியில் கிடக்க வேண்டும்.

மேஸ்திரி ஒப்பந்த நகலை நீட்டினார். சகோதரி நகரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

சகோதரி என்றால் அக்காவா, தங்கையா என்று அதிகாரி கேட்டார். படிவத்தில் அக்காவுக்கு ஒரு கட்டம், தங்கைக்கு ஒரு கட்டம். சகோதரிக்குக் கட்டமே இல்லை.

நியாயமான கேள்வி. இரண்டு மேயர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

மேஸ்திரி வியர்வையை வழித்துவிட்டு யோசித்தார். அந்த ஊர் நகராட்சி நம் நகராட்சிக்கு முப்பது வருடம் மூத்தது. சந்தேகமே இல்லை, அக்காதான். அக்கா வீட்டில் பிறந்து வளர்ந்தவை என்பதால் பெட்டிக்குள் இருப்பவை மருமக்கள். தாய்மாமன் ஊருக்கு வருகிறார்கள். நம் ஊரும் சகோதரிதானே, மாமன் எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கக் கூடாது. நம் மேயர் மீசை வைத்தவர். ஆக, மாமன் வீட்டுக்கு வரும் பிள்ளைகளை வாசலில் மறிக்கும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை என்று முடித்தார் மேஸ்திரி.

அதிகாரி மசியவில்லை. ஐந்து நாள் என்றால் ஐந்து நாள் என்று சொல்லி, முத்திரைக் கட்டையை எட்ட நகர்த்தி வைத்தார்.

மேஸ்திரி பெட்டியை அவர் பக்கமாகத் தள்ளினார். குரலை உயர்த்தவில்லை.

"சரிங்க, நீங்களே வெச்சுக்குங்க. ஒண்ணுகூடத் தேறாது. ஆனா அக்கா கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். வாசல் வரைக்கும் வந்த புள்ளைங்களை வெயில்ல போட்டுக் கொன்னது யாருன்னு நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்க."

அதிகாரியின் தலை முதல் தடவையாக நிமிர்ந்தது. ஒப்பந்தத்தின் முழுப் பொருளும், இரு நாடுகளுக்கு இடையிலான நல்லுறவும் அவருக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும். எட்ட வைத்த முத்திரைக் கட்டையைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அக்கா காதுக்கு இது போகக் கூடாது" என்றார்.

அரசாங்க ரகசியம் காக்கத் தெரிந்த மனிதர்.

அக்கா என்ற கட்டத்தில் டிக் அடித்தார். முத்திரை விழுந்த வேகத்தில் பெட்டிக்குள் நாலாயிரமும் ஒன்றாகத் துள்ளி ஒன்றாக இறங்கின. அதிகாரி தன் கூஜாத் தண்ணீரையும் சாக்கின் மேல் ஊற்றி, தடுப்புக் கம்பத்தைத் தானே ஓடிப்போய்த் தூக்கிவிட்டார்.

திங்கட்கிழமை ஆணையர் புதுப் பூட்டோடு வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். நாற்றம் இல்லை. பூட்டு வந்த அட்டைப்பெட்டியைத் தெரியாமல் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினார். அது உரமாகியிருந்தது. பூட்டை மட்டும் புழுக்கள் ஒதுக்கி வைத்திருந்தன.

எட்டுப் பெண்களும் இன்றைக்கும் வேலையில் இருக்கிறார்கள். சட்டத்தை மதித்து நடந்தால் எல்லை குறுக்கே நிற்காது என்பதற்கு இரண்டு ஊரிலும் இதைத்தான் உதாரணம் சொல்கிறார்கள்.

சுங்க அதிகாரிக்கு ஒரே ஒரு அக்கா. மேஸ்திரியின் மனைவி.