எழுபத்தெட்டு சென்டிமீட்டர்

தேகு நகரத்து முதியோர் மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் போடுவது ஒக்சுனுக்கும் கியூம்ஜாவுக்கும் வேலை. கியூம்ஜா நெட்டை. கட்டிலை எழுபத்தெட்டு சென்டிமீட்டருக்கு ஏற்றினால்தான் அவளுக்கு இடுப்பு தாங்கும். குட்டையான ஒக்சுனுக்கு அறுபத்தாறு போதும். நடுமுதுகுக்குத் தன் கை எட்டாது என்பதால், தினமும் ஒருத்திக்கு மற்றவள் வலி பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள்.

கியூம்ஜா செத்து இரண்டு மாதம் ஆகிறது. காலையில் ஒக்சுன் வரும்போது எல்லோரையும் ஏற்கெனவே யாரோ புரட்டிப் போட்டிருப்பார்கள். கட்டில்கள் எழுபத்தெட்டில் நிற்கும்.

“இன்னொரு ஆள் போடுங்க மேடம்,” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள்.

“எதுக்கு? அதான் வேலை நடக்குதே.”

எழுபத்தெட்டு எழுபத்தைந்தானது. பிறகு எழுபது. கியூம்ஜாவின் முதுகு கூனிக்கொண்டே போகிறது என்று ஒக்சுனுக்குப் புரிந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது மூன்று பிளாஸ்திரிகளை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மூன்றும் தரையில் கிடந்தன. உறை பிரித்து, ஒட்டப் பார்த்து, முடியாமல் மடங்கிச் சுருண்டிருந்தன.

ஒக்சுன் புதிதாக ஒன்றைப் பிரித்தாள்.

“திரும்புங்க கியூம்ஜாக்கா.”

ஒட்டுவதற்குக் குட்டையான ஒக்சுனே குனிய வேண்டியிருந்தது.