இரண்டு வரித் திருத்தம்

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டார்!"

டோரோட்டா கிண்ணத்தை மேசையில் வைத்த வேகத்தில் பாதி சூப் தட்டில் கொட்டியது.

"இந்தத் தடவை என்னவாம்?" என்றான் ராதிம். எங்கள் குழுத் தலைவன். யாரிடமும் முகம் சுளிக்காதவன்.

அவள் போனைப் பார்த்துப் படித்தாள். "'ஏன் மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. எழுதிவிட்டு வாருங்கள்.' அவ்வளவுதான். ஒரு வணக்கம்கூட இல்ல. அதுவும் ஊரே படிக்கிற இடத்துல!"

செக் நாட்டின் ப்ர்னோ நகரத்தில் எங்கள் பிழைப்பே கெர்னல்தான். கணினியின் இயங்குதளத்துக்கும் அடியில் ஓடும் நிரல். அதற்கு உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். எல்லாரும் பார்க்கிற பொது மின்னஞ்சல் குழுவில்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் ஏற்றுக்கொண்டால், எழுதியவர் பெயர் அதில் என்றைக்கும் இருக்கும்.

டோரோட்டாவுக்கு அந்தப் பெயர்தான் சோறு. போன வருஷம் வரை ஓஸ்ட்ராவாவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பதை நெருங்கும்போது இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். சோதனைக் காலம் முடிவதற்குள் அவள் பெயரில் ஒரு திருத்தமாவது ஏற வேண்டும் என்பது நிர்வாகத்தின் நிபந்தனை. இந்த மாதத்தோடு கெடு முடிகிறது.

அவள் பிடித்தது சின்ன விஷயம். ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, எதை வாங்கிக்கொள்ளும் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. ஓரிடத்தில் 'எந்த எண்ணும்', இன்னோரிடத்தில் 'குறிப்பிட்ட சில எண்கள் மட்டும்'. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு ஒரு பெயர், வாசல் பலகையில் வேறு பெயர் என்கிற மாதிரி. ஜனங்கள் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறார்கள், வேலையும் நடக்கிறது. ஆனாலும் இரண்டும் ஒன்றாக இருப்பதுதானே முறை? இரண்டு வரியை மாற்றினால் தீர்ந்தது.

அந்தப் பகுதியின் பொறுப்பாளர் போஹுமில், எங்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில், வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் வரிக்கடைசியில் தேவையில்லாத வெற்றிடம் இருக்கிறது என்று திருப்பினார். பிறகு தலைப்பு சரியில்லை என்றார். இப்போது காரணம் எங்கே என்கிறார்.

"அவர் நினைச்சா ஒரு நிமிஷத்துல அவரே சரிபண்ணிக்கலாம்," என்றாள் டோரோட்டா. "நம்ம ஒரு புள்ளி விட்டா இந்தக் குதி குதிக்கிறார். அவர் பாக்குற ஃபைல்லயே இதோட சேத்து இதே மாதிரி இருபது கெடக்கு. அது மட்டும் கண்ணுல படாதாக்கும்?"

"என்னையும் இப்படித்தான் படுத்தினார். ஆறு தடவை!" ராதிம் சிரித்தான். அந்தக் கதை எங்களுக்கு மனப்பாடம். கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு பீர் உள்ளே போனால் சொல்லாமல் விடமாட்டான். "நீ விடு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். மதியமே தானாகத் திருத்தும் ஒரு குட்டி நிரல், ஸ்கிரிப்ட், எழுதி ஓட்டினான். டோரோட்டாவுடையதையும் சேர்த்து இருபதையும் ஒரே மூச்சில் சரிசெய்து அனுப்பிவிட்டான். குறை சொல்ல ஓர் இடமில்லை. எழுதியவர் பெயர் ராதிம். கடைசியில் 'டோரோட்டாவுக்கு நன்றி' என்று ஒரு வரி.

"உன் தலைவலி போச்சா?" என்று கேட்டான். உண்மையாகவே சந்தோஷமாகக் கேட்டான்.

"ரொம்ப நன்றி," என்றாள் அவள். நன்றி வரியை நிர்வாகம் கணக்கில் எடுக்காது என்பது அவளுக்குத் தெரியும். அதை எப்படி அவனிடம் சொல்வது?

மறுநாள் காலை ராதிமுக்குப் பதில் வந்தது. 'வேண்டாம்.' ஒரே வார்த்தை.

அலுவலகமே கொதித்தது. "திமிரைப் பாரு! அவர் ஃபைலை இன்னொருத்தன் சுத்தம் பண்ணினா பொறுக்கல," என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

டோரோட்டா உட்கார்ந்து தன் இரண்டு வரிக்கு ஒழுங்காகக் காரணம் எழுதி மறுபடி அனுப்பினாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. 'ஏற்றுக்கொண்டேன்.' அதிலும் வணக்கம் இல்லை. ஆனால் அவள் பெயர் ஏறிவிட்டது. வேலை தப்பித்தது.

ராதிமுக்குத்தான் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மாடியேறினான். வேடிக்கை பார்க்க நாங்களும் பின்னாலேயே போனோம். டோரோட்டாவும் வந்தாள்.

"என் திருத்தத்துல என்ன தப்பு?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருந்தது." போஹுமில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏன் வேண்டாம்னீங்க? அந்த ஃபைல் கெடக்குற கெடப்பு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே. இருபதும் எங்கெங்க இருக்குன்னு தெரியும். இப்ப பத்தொன்பது."

"தெரிஞ்சுமா விட்டு வச்சிருக்கீங்க?"

"கெடுதல் பண்ற எதையும் விட்டு வைக்க மாட்டேன். இதுங்க பாட்டுக்கு சும்மா கெடக்கு."

"அதுக்காக? எதுக்குங்க வச்சிருக்கணும்?"

போஹுமில் கத்தியைக் கீழே வைத்தார். "ஆறு தடவை திருப்பி அனுப்பினேன்னு ஊரெல்லாம் சொல்றியே, உன் முதல் திருத்தம், அது எந்த ஃபைல்ல?"

"இதே ஃபைல்தான்," என்றான் ராதிம்.

"நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அது என் கண்ணுல பட்டுடுச்சுப்பா. அன்னிக்கே நான் சரிபண்ணியிருந்தா, நீ எந்த வழியா உள்ள வந்திருப்ப?"