பேர் இல்லாத காலேஜ்

"அந்தக் காலேஜா? பேரைச் சொன்னா பக்கத்துத் தெருவுக்கே தெரியாது!" பள்ளி முடித்த மகளிடம் அப்பா எரிந்து விழுந்தார்.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எதிர்வீட்டு அக்கா அங்கதானே படிச்சாங்க? கணக்குல தடுமாறின அவங்களை டீச்சருங்க சாயங்காலமும் உட்கார வச்சு, புரியற வரைக்கும் சொல்லிக் கொடுத்தாங்களே! இப்ப அக்கா நல்ல வேலையில இல்லையா?"

"நாலு பேர் கேட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவர் செல்போன் அடித்தது. எடுத்ததும் குரல் குழைந்தது.

"அட்மிஷனா சார்? தாராளமா கூட்டிட்டு வாங்க. பெரிய காலேஜெல்லாம் வெறும் பேருதான். என் எதிர்வீட்டுப் பொண்ணு கணக்குல தடுமாறினவ, அவளையே தேத்திவிட்டது நம்ம காலேஜ்தான். பிரின்சிபால் நானே சொல்றேன், உங்க பொண்ணை என் சொந்தப் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன்!"

அவர் போனை வைக்கும்வரை மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அதே மாதிரி என்னையும் உங்க சொந்தப் பொண்ணா நினைச்சு, அங்கேயே சேர்த்துடுங்கப்பா!"