மேல்வீட்டுப் பேய்

"இறங்குங்கோ, இறங்குங்கோ. கொழும்பிலேயே அசல் பேய் இந்த வீட்டிலதான்" என்றார் கிளறன்ஸ், வேன் கதவைத் தள்ளித் திறந்தபடி.

கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸுக்குப் பேய் காட்டுவதுதான் தொழில். விடுமுறைக்கு வருகிற வெளிநாட்டுத் தமிழர்களை ஏற்றி, ஒரு பின்னேரத்துக்குள் கொழும்புப் பேய்கள் அத்தனையையும் சுற்றிக் காட்டிவிடுவார்.

அன்று அதுவரை பேய்கள் ஒத்துழைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒல்லாந்தர் காலத்து வீட்டு வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும் என்றார். ஓட்டோ சத்தம்தான் கேட்டது. கொம்பனித்தெருவில் வெள்ளைக்காரத் துரை உலாவிய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். துரைக்கும் அதில் ஒரு வீடு கொடுத்தார்களா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"இதைக் காட்டவோ எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?" என்று வழியெல்லாம் கிளறன்ஸை வறுத்தெடுத்தவர் நாகேந்திரம். டொரொண்டோவில் சொந்தக் கடை. அங்கே ஊர்ச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மேடை கிடைத்தால் நன்றி மறவாமை பற்றிப் பேசுவார். "இந்த மூடநம்பிக்கையாலதான் எங்கட சனம் உருப்படேல்லை."

வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் வேன் திரும்பியதும் மனிதர் வாயை மூடிக்கொண்டார். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டார்.

"இந்த வீட்டைக் காட்டினால்தான் டூருக்கு வருவன் எண்டு ஒற்றைக்காலில நிண்டதே இவர்தான்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தாள் அவர் மனைவி பத்மாவதி. "இப்ப பயந்து போனார்."

வீட்டுக்காரி பாலேஸ்வரி கேற்றிலேயே மறித்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. மேல்வீட்டை வாடகைக்கு விட்டுக் கடைசிக் காலத்தை ஓட்டலாம் என்று பார்த்தால், பேயின் புகழ் பரவி ஒருவரும் குடிவருவதாய் இல்லை.

"கிளறன்ஸ், காலமையும் ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. போனில உம்மட பேய் வீடியோவைப் பார்த்திட்டுப் படியிலகூட ஏறேல்லை. நான் என்னத்தைத் தின்னுறது?"

"இண்டைக்கு மட்டும், அன்ரி" என்று குழைந்தார் கிளறன்ஸ். அவருக்கும் அன்றைக்கு இந்த ஒரு பேய்தான் மிச்சம். வந்தவர்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"சண்டை நடந்த காலம். மேல்வீட்டில ஆள் இல்லை. ஆனா இருமல் கேக்கும். யன்னல் சீலைக்குப் பின்னால ஒரு நிழல் போகும். அன்ரி ஒவ்வொரு நாளும் தட்டில சோறு போட்டு, மூடி, மேல கொண்டுபோய் வைப்பா. காலமை தட்டு வெறுந்தட்டு. வெள்ளிக்கிழமையில மரக்கறி மட்டும்."

"சைவப் பேய்போல" என்றாள் பத்மாவதி. எல்லோரும் சிரித்தார்கள். பாலேஸ்வரி வழிவிட்டார்.

அது பழைய மரப்படி. நடுவில் ஒரு படியை மிதித்தால் முனகும். கிளறன்ஸ் அதை முன்கூட்டிச் சொல்வதில்லை. அதுதான் அவர் வித்தை. ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒவ்வொருவர் காலுக்கும் படி முனகியது. பத்மாவதி வீரிட்டுக் கத்தி, அதைப் போனிலும் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக ஏறியவர் நாகேந்திரம். குனிந்து பார்க்காமலே அந்த ஒரு படியைத் தாண்டி அடுத்ததில் கால் வைத்தார். சத்தமே இல்லை.

கீழே நின்ற பாலேஸ்வரி சட்டென்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

மேலே வெறும் அறைதான். ஏமாந்து இறங்கி வந்த பத்மாவதிக்கு யாரையாவது ஏச வேண்டியிருந்தது.

"குறை நினைக்காதேங்கோ, அன்ரி. பிள்ளைகளுக்குப் படிப்பிச்ச ஆள் நீங்கள். பேய்க்குச் சோறு வைச்சு ஊரைப் பயப்படுத்தினதும் நீங்கள்தான், இப்ப வாடகைக்கு ஆள் வரேல்லை எண்டு அழுறதும் நீங்கள்தான். இது ஆரின்ர பிழை?"

"என்ர பிழைதான், பிள்ளை. பேய் எண்டு சொன்னது நான்தான். அது ஒரு பொடியன்."

"அன்ரி..." என்றார் கிளறன்ஸ் பரிதாபமாக. எல்லார் கையிலும் போன் ஓடிக்கொண்டிருந்தது. பாலேஸ்வரி நிறுத்தவில்லை.

"யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தவன். வடக்கால வாற தமிழருக்கு அப்ப கொழும்பில தங்கப் பொலிஸ் பதிவு வேணும். அவனிட்ட இல்லை. ஒரு லொட்ஜிலயும் எடுக்கேல்லை. பிடிபட்டால் என்ன நடக்கும் எண்டு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேல ஆர் எண்டு அக்கம்பக்கம் கேட்டுது. பேய் எண்டன். எல்லாம் படிச்ச சனம்தானே, பிறகு ஒருத்தரும் இந்தப் படி ஏறேல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாகேந்திரம் மெல்லக் கேற்றுப் பக்கம் நகர்ந்தார்.

"பிறகு?" என்று கேட்டாள் பத்மாவதி.

"களவா வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் ஒருத்தனோட போனவன். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுறன் அம்மா எண்டவன். வரேல்லை. கடலிலயோ பனியிலயோ போயிட்டான் எண்டு, என்ர மனுசன்ர திவசத்தில அவனுக்கும் ஒரு இலை போடுறனான்."

பத்மாவதி போனைத் தாழ்த்தினாள். அவளுக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

"பாவம், அன்ரி. அவர் செத்துத்தான் போயிட்டாரோ?"

பாலேஸ்வரி நிமிர்ந்து, வேனில் ஏறிக்கொண்டிருந்த தொப்பிக்காரரைப் பார்த்தார்.

"சாகேல்லை, பிள்ளை. உங்களைக் கலியாணம் கட்டி நல்லாத்தான் இருக்குது அந்தப் பேய்."