சூட்கேஸ் எடுத்த பூட்ஸ்

காணாமப்போன பூட்ஸ் சூட்கேஸோட பையிலதான் இருந்தது.

சூட்கேஸ்னா பெட்டி இல்லை, ஆளு. பதினாலு வருஷத்துல பதினோரு கிளப்புக்கு ஃபுட்பால் ஆடின ஸ்ட்ரைக்கர். எங்க போனாலும் ஒரு சீசன், மிஞ்சிப்போனா ரெண்டு. அதான் எங்க பசங்க அப்படி ஒரு பேரு வெச்சுட்டாங்க.

நான் இந்த கிளப்புல கிட் ரூமைப் பார்த்துக்கிறவன். சட்டை, சாக்ஸ், பூட்ஸ் எல்லாம் என் பொறுப்பு. போன மாசம் வெளியூர் மேட்சுக்கு கோல்கீப்பரோட கிளவுஸை எடுத்து வைக்க மறந்துட்டேன். "இன்னொரு தடவை மறந்தீங்க, நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்"னு கோச் சொல்லிட்டார். 

நாளைக்கு ஃபைனல். அலமாரியிலேர்ந்து காணாமப்போனது ஹீரோவோட புது பூட்ஸ். ஹீரோன்னு பசங்க கூப்பிடறவன்தான் இப்ப எங்க முதல் ஸ்ட்ரைக்கர். அவன் வந்த நாள்லேர்ந்து சூட்கேஸுக்கு பெஞ்சுதான். அப்புறம் யாரைச் சந்தேகப்படறது?

"என்னப்பா இது?"

பூட்ஸை அவன் முகத்துக்கு நேரா நீட்டினேன்.

"திருப்பி வைக்கத்தாண்ணே எடுத்துட்டு வந்தேன்."

"மாட்டிக்கிட்டவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான். வா, கோச்கிட்ட வந்து சொல்லு."

நான் முன்னாடி போனேன். செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு மெதுவா பின்னாடி வந்தான். ஆளைப் பாரு, நடையைப் பாருன்னு எனக்கு எரிச்சலா வந்தது.

கோச் மேஜை மேல ஒரு கடிதம் இருந்தது. சூட்கேஸுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே ஆட ஒப்பந்தம். அதைப் பத்தி நேத்துதான் என்கிட்ட சொல்லிட்டிருந்தான். "பொண்ணு இப்ப ஆறாவது ஸ்கூல்ல படிக்கிறாண்ணே. இது கிடைச்சுட்டா ஏழாவது ஸ்கூல் வேண்டாம். இந்தத் தடவைதான் ஒரு ஃபிரெண்டு புடிச்சிருக்கா."

நான் சொல்லச் சொல்ல, கோச் திறந்து வெச்சிருந்த பேனாவை மூடினார்.

"நீ எடுத்தியா?"

"எடுத்தேன் சார்."

"எதுக்கு?"

சூட்கேஸ் ஒரு தடவை என்னைப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"கேட்டுட்டு எடுத்திருக்கணும் சார். தப்புதான்."

"உன்னை நல்ல ஆளுன்னு நினைச்சேன்ப்பா."

கோச் கடிதத்தை டிராயருக்குள்ள போட்டு மூடினார். எனக்கு லேசா மனசு சுருக்குன்னுது. இருந்தாலும் நான் என் வேலையைத்தானே பார்த்தேன்?

அந்த நேரம் பார்த்து ஹீரோ உள்ள வந்தான்.

"அண்ணே, இங்கயா இருக்கீங்க? பூட்ஸ் ரெடியா? செவ்வாய்க்கிழமை உங்ககிட்ட கொடுத்தேனே, யாரையாவது போட்டு நடக்கவெச்சு இளக்கி வைங்கன்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

புது பூட்ஸ் குதிகாலைக் கடிச்சு எடுத்துடும். அதனால அதே சைஸ் கால் உள்ள ஆளை விட்டு ரெண்டு மூணு நாள் போட்டு நடக்கச் சொல்றது வழக்கம். ஆள் பிடிக்கிறது என் வேலை. "சரிப்பா"ன்னு வாங்கி அலமாரியில வெச்சேன். வெச்சதோட சரி, ஆள் பிடிக்கணும்ங்கறதையே சுத்தமா மறந்துட்டேன்.

ஹீரோ அங்கயே உட்கார்ந்து பூட்ஸை மாட்டினான். ரெண்டு குதி குதிச்சுப் பார்த்தான்.

"பஞ்சு மாதிரி இருக்குண்ணே. ரொம்ப தேங்ஸ்."

அவன் போயிட்டான். கோச் என்னையே பார்த்தார்.

"இதை இளக்கினது யாரு?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சூட்கேஸ் முந்திக்கிட்டான்.

"அண்ணன் சொல்லித்தான் சார் நான் போட்டு நடந்தேன். எனக்கும் அதே சைஸ்."

"அவர் சொல்லித்தான் போட்டேன்னா, அவரே உன்னை ஏன் திருடன்னு இழுத்துட்டு வரணும்?"

அவன் கால் மாத்தி நின்னான். அப்பதான் அவன் செருப்புக் காலைப் பார்த்தேன். ரெண்டு குதிகால்லயும் பிளாஸ்திரி. அதையும் மீறி ரத்தம் கசிஞ்சிருந்தது.

அதுக்கு மேல என்னால தாங்க முடியலை.

"அவன் சொல்றது பொய் சார். நான் யார்கிட்டயும் சொல்லலை, மறந்துட்டேன். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டு நின்னிருக்கான். என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க. அந்தக் கடிதத்தை மட்டும் வெளிய எடுங்க சார்."

 கோச் டிராயரைத் திறந்தார். கையெழுத்துப் போட்டு, கடிதத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"அண்ணே, நீங்க ஒரு நோட்டு வாங்கி எல்லாத்தையும் எழுதி வைங்க. உங்களுக்காகப் பொய் சொல்ல இவன் ரெண்டு வருஷம் இங்க இருப்பான். அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

வெளிய வந்ததும் அவன் கையைப் புடிச்சுக்கிட்டேன்.

"நான் மறந்துட்டேன்னு எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாமேப்பா?"

"ஹீரோ உங்ககிட்ட கொடுத்தப்ப நானும் பக்கத்துல இருந்தேண்ணே. புதன்கிழமை பார்த்தா பூட்ஸ் பெட்டி பிரிக்காம அப்படியே இருந்தது. சொன்னா பதறிடுவீங்க. கிளவுஸ் விஷயத்துக்கப்புறம் உங்க முகத்தைப் பார்க்கவே பாவமா இருந்ததுண்ணே."

"அதுக்காக உன் பொழப்பையே பணயம் வைப்பியா? நான் உனக்கு என்ன பண்ணிட்டேன்?"

அவன் சிரிச்சான்.

"பத்து கிளப்புல முதல் நாள் எனக்கு யாரோ விட்டுட்டுப் போன சட்டையைத்தான் கொடுத்தாங்க. பழைய பேரை உரிச்ச தடம் முதுகுல அப்படியே தெரியும். நீங்க மட்டும்தான் கவர் பிரிக்காத புது சட்டை கொடுத்தீங்க. இங்க நம்மளையும் ஒருத்தர் மதிக்கிறார்னு அன்னிக்கே பொண்ணுகிட்ட சொன்னேண்ணே."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அன்னிக்கு அவனுக்குன்னு எடுத்து வெச்சிருந்த பழைய சட்டையை எங்க வெச்சேன்னு மறந்துட்டுதான் புதுசைக் கொடுத்தேன். அதை மட்டும் நான் அவன்கிட்ட சொல்லவே இல்லை.