சுபஸ்ரீ போட்ட கலர்

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்றுதான் தேவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

பழவேற்காடு ஏரியில் நாளைக்கு எந்தப் படகு எந்த இடத்தில் வலை போடும் என்கிற பாடு முறை, சாயங்காலமானால் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாக மீனவர் சங்கத்துக்கு வந்துவிடும். எந்த ஸ்டைல்ஷீட்டில், அதாவது எந்தக் கலரில், எந்த அமைப்பில் தன்னைக் காட்டவேண்டும் என்று அந்தக் கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் படித்து, ஸ்டைல்ஷீட்டைத் தேடியெடுத்து, கோப்புக்கு உடுத்தி, ஏலக் கொட்டகை டிவிக்கு அனுப்புவது தேவி எழுதிய புரோகிராம்.

யாராவது அதைப் பற்றி வாய் திறந்தார்களா? மூச்!

பேச்செல்லாம் ஸ்டைல்ஷீட் எழுதிய பக்கத்து மேசை சுபஸ்ரீயைப் பற்றித்தான். படகுக்கொரு கலராம், இடத்துக்கொரு படமாம். ஊர் புகழ்ந்தால் புகழ்ந்துவிட்டுப் போகட்டும். ஆவணியில் தாலி கட்டின புருஷனுமா?

பிரசாந்த் தினமும் டிவியைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வருவான்.

"சுபஸ்ரீ போடுற கலரு இருக்குதே, பாத்தாலே மனசு குளுந்துடுது தேவி!"

தேவிக்கு வயிறு பற்றி எரியும். ஆசை ஆசையாய் அவள் அனுப்பும் மெசேஜுக்கு ஒரு வரி பதில் போட்டிருப்பானா? சாப்பிட்டாயா என்று போன்தான் அடிப்பான்.

கோப்பு சொல்லும் பெயரைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்று புரோகிராமை மாற்றினாள். தானே எழுதிய ஸ்டைல்ஷீட்டைக் கொடுத்தாள். வெள்ளையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். இப்போது புகழட்டும் பார்ப்போம்!

ஏலக் கொட்டகை சங்க ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் வெளியேதான்; பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவி மாறியது. ஆட்கள் படித்தார்கள், முனகினார்கள், கலைந்தார்கள். பிரசாந்த் மட்டும் அப்படியே நின்றான்.

சுபஸ்ரீயின் கலர் இல்லாமல் துரைக்குக் கால் நகரவில்லையோ? யாரைத் தேடுகிறாய் என்று கோபமாக மெசேஜ் அடிக்கத் தொடங்கினாள்.

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். அந்த வழியாக வந்த சித்தப்பா சின்னப்பனின் தோளைச் சிரித்தபடி தொட்டான்.

"கண்ணாடிய வூட்லயே வுட்டுட்டேன் சித்தப்பா. நம்ம படகுக்கு எந்த எடம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

பிரசாந்துக்குக் கண்ணாடியே கிடையாது.

தேவி மாற்றியதையெல்லாம் அழித்துப் பழையபடி ஆக்கினாள். சின்னப்பன் டிவி பக்கம் திரும்புவதற்குள் சுபஸ்ரீயின் கலர் வந்துவிட்டது.

பாதி அடித்திருந்த மெசேஜையும் அழித்தாள்.

அவனுக்குப் போன் போட்டாள்.